அறுந்துபோகாத பெல்ட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி என்னுடைய வைட்னர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரெக்கார்டு நோட்டில் ஓர் எழுத்து பிழைத்தாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதச் சொல்லும் கல்லூரியில் நான் அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்தப் பாட்டிலைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். மதினிக்கு மட்டும் அது எப்படித் தெரிந்ததோ. நைட்டிக்கு மேல் சின்ன அண்ணனின் பழைய காக்கிச் சட்டை, முழங்கை வரை கரி, காதோரத்தில் கிரீஸ். “ஏட்டி, அந்த வெள்ள மைய எடு. இஞ்சின்ல அடையாளம் வைக்கணும்” என்றார். வாசலில் வலது பக்க முன்சக்கரம் இல்லாமல், ஜாக்கியின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எங்கள் வெள்ளை டீசல் கார் நின்றது. தெருவில் போவோர் எல்லாம் துக்க வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மதினி என் சின்ன அண்ணனின் மனைவி. பிறந்தது தளவாய்புரம். கல்யாணத்துக்கு முன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். சின்ன அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். கத்தாருக்கு டிரைவர் வேலைக்குப் போகும்போது, வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் வீட்டில் பேச்சு. மதினி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். எப்போது படித்தார், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்றிலிருந்து அந்தக் கார் மதினியின் கார். ஆஸ்பத்திரி சவாரி, கல்யாண சவாரி, கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் என்று ஓட்டினார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வேறு சவாரி எடுக்கமாட்டார். மம்சாபுரத்தில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருந்தார். தனியாள். அவரை ராஜபாளையத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், நாலு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து வீட்டுக்குள் படுக்க வைத்துவிட்டு வருவார்.

இதில் யாருக்கு என்ன குறை என்று கேட்டால், எங்கள் பெரியண்ணனுக்குத்தான் குறை. சிமெண்டுக் கடை வைத்திருப்பவர், தெருவில் நாலு பேருக்கு யோசனை சொல்பவர். தம்பி பெண்டாட்டி ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு ரத வீதியில் போவதை அவர் கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. நேரடியாகச் சொல்லமாட்டார். “பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுக் கஷ்டம்? வண்டிய எங்கிட்ட விட்டா ஒரு டிரைவரப் போட்டு ஓட்டிருவேன்லா” என்று அன்பு ஒழுகப் பேசுவார். அந்த அன்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

டைமிங் பெல்ட் என்ற சொல் அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. காருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து மதினி எனக்கு விளக்கினார். இஞ்சினின் ஒரு பக்கத்தில், மூடிக்குள்ளே, பல் வைத்த மூன்று சக்கரங்கள். மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடுவது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். அது இருக்கும்வரை உள்ளே எல்லாம் முறை மாறாமல் மேலும் கீழும் போகும். அறுந்தால் முறை தப்பிப்போய் ஒன்றோடு ஒன்று மோதி, அந்த இடத்திலேயே இஞ்சின் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். முன்கூட்டிச் சத்தம் வராது, புகை வராது. வண்டியோடு வந்த புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. அந்தக் கணக்கை எங்கள் கார் எப்போதோ தாண்டிவிட்டது. சின்ன அண்ணன் மாற்றினானா என்றால், அவனுக்கே ஞாபகம் இல்லை.

ராஜபாளையம் ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, “ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிக்கணும்? நின்னா பாத்துக்கிடலாம். இல்ல, மாத்தித்தான் ஆகணும்னா விட்டுட்டுப் போங்க, பத்து நாள் ஆகும்” என்றிருக்கிறார்கள். பத்து நாளில் டீச்சரம்மாவுக்கு மூன்று முறை டயாலிசிஸ் வந்துவிடும். வேறு வண்டி வைத்துக்கொள்ளச் சொல்லலாம்தான். ஆனால் கட்டிலில் இருந்து தூக்கி உட்கார வைத்து, சேலையைச் சரிசெய்து கூட்டிப்போகிற வேறு டிரைவரை அந்த அம்மா எங்கே தேடுவார்? “நாமளே மாத்துவோம். ஞாயிறு, திங்கள் ரெண்டு நாள் கெடக்குல்லா” என்று மதினி முடிவு செய்துவிட்டார். அதற்கு முன்பே இரண்டு மாதமாக, அந்த ஒர்க்‌ஷாப்பில் பெல்ட் அறுந்த வண்டி எது வந்தாலும் ஏதாவது சாக்கு வைத்துப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இதையும் எங்களிடம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் வேறு. எதுவும் நின்ற பிறகுதான் பார்க்கப்படும். மோட்டார் புகைந்த பிறகு மெக்கானிக், கூரை ஒழுகிய பிறகு கொத்தனார், பல் ஆடிய பிறகு டாக்டர். அப்பாவின் நெஞ்சுவலியை நாலு மாதம் வாயு என்று சொல்லிப் பெருங்காயம் கொடுத்தவர்கள் நாங்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும். மதினி வந்தது அந்த வீட்டுக்குள்தான். மில்லில் அவர் பழகியது நேர்மாறு. அங்கே மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவார்களாம். இத்தனை மணி நேரம் ஓடியாயிற்று என்றால் பெல்ட் நன்றாக இருந்தாலும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவார்களாம். “மொதல்ல எனக்கும் வயிறு எரிஞ்சிச்சுட்டி. நல்ல பெல்ட்டத் தூக்கி வீசுதாவளேன்னு. பொறவு ஒருநா பக்கத்து மெஷின்ல அறுந்து, ஒரு ஷிப்டு நூலு பூராம் பாழாப்போச்சு. அன்னைக்குப் புரிஞ்சிச்சு” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் கத்தாரில் இருந்து சின்ன அண்ணன் பேசினான். பெரியண்ணன் ஏற்கெனவே அவனிடம் பேசிவிட்டார் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. “பெல்ட்ட மாத்து, வேண்டாங்கல. ஆனா செவ்வாக்கிழம வண்டி கெளம்பலைன்னா சாவிய அண்ணன்ட்ட குடுத்துரணும். பொறவு அதப் பத்திப் பேச்சு எடுக்கக் கூடாது.” அம்மா மதினியின் முகத்தைப் பார்த்தாள். பெரியண்ணன் கூரையைப் பார்த்தார். “சரி” என்றார் மதினி. கட்டின புருசனே பெண்டாட்டியை நம்பாமல் பந்தயம் வைக்கிறானே என்று எனக்குத்தான் கண் கலங்கியது. மதினி எழுந்து போய் ஸ்பானர்களை அளவு வாரியாகச் சாக்கின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழற்றும் வேலை. பெரியண்ணன் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை எங்கள் வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். இஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்கிப் பிடித்தது, பக்கவாட்டு மூடிகளைக் கழற்றியது எல்லாம் எளிதாகவே நடந்தது. பெல்ட் ஓடும் அடிச் சக்கரத்தின் நடு போல்ட்தான் அசையவில்லை. என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொன்னார். ஸ்பானரின் பிடியில் ஒரு நீளமான தண்ணீர்க் குழாயைச் செருகி, அதன் நுனியில் ஏறியே நின்றுவிட்டார். படீரென்று ஒரு சத்தம். “போச்சா? ஒடிச்சிட்டியாம்மா?” என்று பெரியண்ணன் நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டார். “எளகிருச்சு அத்தான்” என்றார் மதினி. மனுசன் மறுபடி உட்காரக் கொஞ்ச நேரம் ஆனது.

பெல்ட்டைக் கழற்றும் முன்புதான் என் வைட்னர் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் செய்வதைப் பார்த்து வைத்திருந்தபடி, மூன்று சக்கரங்களிலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி, அதற்கு நேராகப் பெல்ட்டில் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி வைத்தார். புதுப் பெல்ட்டையும் அதே பல்லில் மாட்டினால் போதும். கழற்றிய பழைய பெல்ட்டைப் பெரியண்ணன் வாங்கிப் பார்த்தார். இழுத்தார், மடக்கினார், முகர்ந்துகூடப் பார்த்தார். “இதுக்கு என்ன கேடு? இன்னும் ரெண்டு வருசம் ஓடுமே” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். உண்மையில் அதில் கண்ணுக்குத் தெரிகிற வெட்டு ஒன்றும் இல்லை. எனக்குமே உள்ளூர ஒரு சந்தேகம் வந்தது. மதினி அதைத் திரும்ப வாங்கிச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, “அறுந்த பொறவு தெரிஞ்சு நான் என்ன செய்ய?” என்று மட்டும் கேட்டார்.

புதுப் பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கிற ஒரு சின்ன உருளையும் மாற்ற வேண்டும். கடைக்காரர் கொடுத்திருந்தது வேறு அளவு என்பது மாட்டும்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மதினி ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார். போகும்போது திறந்து கிடந்த இஞ்சின் பக்கத்தைப் பழைய போர்வையால் மூடி, “யாரும் தொட்டுராதீய” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கு அந்த வாரம் கல்லூரி விடுமுறை. இனி நடந்தது என் கைவரிசை.

எங்கள் வீட்டில் இரும்பு எதைத் திறந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். கிரைண்டரை ரிப்பேருக்குப் பிரித்தாலும், தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாலும், ஒரு சந்தனம், ஒரு குங்குமம். அம்மா காலையில் இருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். “ஏட்டி, ரெண்டு நாளா இஞ்சினத் தொறந்து போட்டுருக்கா, ஒரு பொட்டு இல்ல. எப்படி வெளங்கும்? நீயாவது வையி.” எனக்கும் சரியென்று பட்டது. மதினி ஜெயிக்க வேண்டும், நம்மால் முடிந்தது செய்வோம் என்ற நினைப்பு. போர்வையை விலக்கினேன். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் சந்தனம் ஒட்டாதே. அதனால் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, மூன்று சக்கரங்களையும் பளபளவென்று துடைத்தேன். அழுக்கோடு சேர்ந்து வெள்ளைப் புள்ளிகளும் துணியில் வந்துவிட்டன. அது என்ன என்று அப்போது மண்டையில் உறைக்கவே இல்லை. மேல் சக்கரத்தை அழுத்தித் துடைத்தபோது அது ‘டக்’ என்று தானாகக் கொஞ்சம் நகர்ந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். பிறகு மூன்றுக்கும் பொட்டு வைத்து, கும்பிட்டு, போர்வையால் மூடிவிட்டு வந்து, நல்ல காரியம் செய்த நிம்மதியில் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

மதினி பதினொன்றரைக்கு வந்தார். போர்வையை எடுத்தார். அப்படியே நின்றார். சந்தனத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். துணி எங்கே என்று கேட்டார். கொடுத்தேன். கறுப்புக்கு நடுவே வெள்ளைத் தீற்றலைப் பார்த்ததும்தான் நான் துடைத்தது என்ன என்று எனக்கு உறைத்தது. “மதினி, மேல உள்ளது கொஞ்சம் நகந்துச்சு” என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். மதினியை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

பெரியண்ணனுக்கு யார் சொன்னார்களோ, பத்து நிமிடத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது என்று எழுதினால் பொய். “சரிம்மா, போனது போச்சு. வண்டிய டோ பண்ணி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிருவோம். சாவிய இப்பவே குடுத்துரு. நாளைக்குன்னு வச்சிக்கிட்டு என்னத்துக்கு?” என்று கையை நீட்டினார். மதினி தலையைத் தூக்கினார். “இன்னைக்குத் திங்கக்கிழம அத்தான்” என்றார். எழுந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேலைக்கு மேலேயே அந்தக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போனார்.

சக்கரங்களைச் செய்தவர்கள் அடையாளம் வைக்காமலா செய்திருப்பார்கள் என்பது அவர் யோசனை. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்த சின்னப் படத்தில், ஒவ்வொரு சக்கரத்திலும் நகக்கண் அளவுக்கு ஒரு கோடு வெட்டியிருந்தது. ஆனால் எங்கள் வண்டியில் வருடக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு அந்தக் கோட்டுக்குள் இறுகிப்போயிருந்தது. நான் துடைத்ததில் மேலே பளபளத்ததே தவிர உள்ளே ஒன்றும் தெரியவில்லை. டார்ச் அடித்தும் தெரியவில்லை. மதினி டார்ச்சை அணைக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தின் ஓரத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஆறு வருடம் மில்லில் அறுந்த நூலைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்ட விரல்கள் அவை. ஓடுகிற மெஷினில், கண்ணுக்குத் தெரியாத இழையைத் தொட்டே கண்டுபிடித்துப் பழகியவை. ஓரிடத்தில் விரல் நின்றது. “இந்தா இருக்கு” என்றார். ஊக்கால் சுரண்டினோம். கரி உதிர்ந்து, நேரான ஒரு கோடு தெரிந்தது. ஒன்றன் பின் ஒன்றாக மூன்றையும் கண்டுபிடித்தோம். எனக்கு இன்றும் அந்த விரல்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

நான் நகர்த்தி வைத்த மேல் சக்கரத்தை உடனே திருப்பவும் கூடாதாம். உள்ளே மோதிவிடுமாம். முதலில் அடிச் சக்கரத்தைக் கால் சுற்றுத் தள்ளி வைத்து, மேல் சக்கரத்தை அதன் கோட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு அடிச் சக்கரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒவ்வொரு அசைவுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார். மூன்று கோடுகளும் அதனதன் இடத்தில் நின்றன. அங்கேதான் இன்னொரு சிக்கல் வந்தது. பழைய பெல்ட்டில் வைத்திருந்த வெள்ளைப் புள்ளிகள் அழியாமல் இருந்தன. அவற்றுக்கு இடையே இருந்த பற்களை எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. பழைய பெல்ட் இருந்தபடி மாட்டினால் மேல் சக்கரத்தின் கோடு ஒரு பல் தள்ளி நின்றது. எத்தனையோ வருடத்துக்கு முன் யாரோ ஒரு மெக்கானிக் ஒரு பல் தவறி மாட்டியிருக்கிறார். அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

“முந்தி இருந்தபடியே மாட்டிரு. அப்படித்தான இம்புட்டு நாளும் ஓடுச்சு?” என்றார் பெரியண்ணன். அம்மாவும் ஆமாம் என்றாள். உண்மையைச் சொன்னால் நானும் அதையேதான் நினைத்தேன். ஓடிய விதத்திலேயே விட்டால் செவ்வாய்க்கிழமை நிச்சயம் ஓடும். கோட்டை நம்பி, அது தப்பாகப் போனால் சாவியும் போய்விடும், இஞ்சினும் போய்விடும். மதினி புதுப் பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, “ஓடுச்சு அத்தான். கண்மாக்கரை ஏத்தத்துல மூச்சு வாங்கிக்கிட்டு ஓடுச்சு, கரும்புகையாக் கக்கிக்கிட்டு ஓடுச்சு. தப்பா இருக்கதப் பாத்த பொறவும் அப்படியே மாட்டச் சொல்லுதீயளே” என்றார். கோட்டுக்குக் கோடு நேராக வைத்துத்தான் மாட்டினார். அடிச் சக்கரத்தில் ஸ்பானரைப் போட்டு, கையாலேயே இஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றினார். எங்கேயாவது இடித்தால் அதோடு கதை முடிந்தது. இடிக்கவில்லை. சுற்றி முடித்தபோது மூன்று கோடுகளும் மறுபடி சொன்ன இடத்தில் வந்து நின்றன.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடிக்கும்போது கோயிலில் சாயங்கால மேளம் கேட்டது. செல்ப் அடித்தார். பிடிக்கவில்லை. பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். இரண்டாவது தடவை அடித்தார். பிடித்துக்கொண்டது. எங்களுக்குப் பழக்கமான தடதடப்பு இல்லாமல், புகை இல்லாமல், அடக்கமாக உறுமிக்கொண்டு நின்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, பொட்டு வைத்ததால்தான் பிடித்தது என்றாள். மதினி சிரித்தார். நான் துடைத்ததால்தான் பழைய தப்பு வெளியே வந்தது, அதனால் நான் செய்ததும் நல்லதுக்கே என்று பிற்பாடு உறவில் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். சொன்ன பேச்சைக் கேட்காமல் தொட்டேன், ஒருத்தியின் பிழைப்பைத் துணியால் துடைத்தேன். அதை மீட்டது அவர் விரல்.

இன்று நான் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மதினியிடம்தான் கார் ஓட்டக் கற்றேன். அந்த வெள்ளைக் கார் வயதாகி, சாலையில் ஓட்டக் கூடாத காலம் வரும்வரை அவரிடமே ஓடியது. நடுவழியில் அது ஒருநாளும் நின்றதில்லை. மதினி இப்போது வேறு கார் ஓட்டுகிறார். கத்தாரில் இருந்து திரும்பி வந்த சின்ன அண்ணன், மதினிக்குச் சவாரி இல்லாத நாட்களில் கேட்டு வாங்கித்தான் அதை எடுக்கிறான். பெரியண்ணன் மட்டும் மாறவில்லை. போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டில், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், “நல்லா இருந்த பெல்ட்டு அது, வெறும் வீம்புக்குக் கழத்திப் போட்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்தும் சொல்கிறார். அவர் சொல்வதைப் பொய் என்று நிரூபிக்க என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பெல்ட் மறுநாளே அறுந்திருக்கலாம், அல்லது அவர் சொன்னதுபோல் இரண்டு வருடம் ஓடியிருக்கலாம். முன்கூட்டிக் காப்பாற்றுகிறவர்களுக்கு வாய்க்கிற தலைவிதி இதுதான். கூட்டம் கூடி மாலை போடுவதற்கு எந்த விபத்தும் நடந்திருக்காது. பெரியண்ணன் பாயசம் குடிக்கட்டும். எங்கள் அப்பாவின் விஷயத்தில் இப்படி வீம்பு பிடிக்க அந்த வீட்டில் ஒருவர் இருந்திருந்தால் என்பதுதான் எனக்குத் தோன்றியது. மதினி அப்போது வந்திருக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கெல்லாம் பெரியண்ணன் வந்துவிட்டார். கைலியும் பனியனும், தோளில் துண்டு. குளிக்கக்கூட இல்லை. “சாவியக் குடும்மா. நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாரேன். சரியா இருந்தா நீ எடுத்துட்டுப் போ” என்றார். வண்டி கிளம்புகிறது என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டதாகவும் இருக்கக் கூடாது, ஓட்டிப் பார்த்து அனுமதி கொடுத்தவர் அவர்தான் என்றும் இருக்க வேண்டும். அதுதான் அவர் கணக்கு. மதினி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, இஞ்சினை ஓட விட்டார். “வண்டி கெளம்பிருச்சு அத்தான். ஓட்டிப் பாக்கணும்னா ஏறிக்கோங்க, நான் ஓட்டுதேன், நீங்க பாருங்க” என்றார். பெரியண்ணன் முன் கதவின் பிடியில் கை வைத்தார். “பின்னால ஏறுங்க. முன் சீட்டு டீச்சரம்மாவுக்கு” என்றார் மதினி.

தெருவில் பால்காரர், கோலம் போடுகிற பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறாமல் திரும்பினால் அது வேறு பேச்சாகும். பின்னால் ஏறினார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மம்சாபுரத்துக்கு முன்னால் கண்மாய்க்கரை ஏற்றத்தில் மதினி கியரைக்கூடக் குறைக்கவில்லை. வண்டி ஒரே சீராக ஏறியது. கண்ணாடியில் மதினியின் கண்கள் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டு மறுபடி சாலைக்குப் போயின. டீச்சரம்மாவைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தோம். முதல் நாள் சாயங்காலம் வரை அந்த வண்டி துண்டு துண்டாகக் கிடந்தது அவருக்குத் தெரியாது. “என்னம்மா, இன்னைக்கு வண்டி இம்புட்டு அமைதியாப் போகுது?” என்று கேட்டார். “பெல்ட்டு மாத்துனேன் டீச்சர்” என்றார் மதினி. “யார் மாத்துனா?” என்று டீச்சரம்மா கேட்டார். “நான்தான்.” டீச்சரம்மா பின்னால் திரும்பி, முன்பின் தெரியாத பெரியண்ணனைப் பார்த்து, “கெட்டிக்காரி, பாத்துக்கோங்க” என்றார். பெரியண்ணன் சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ராஜபாளையத்தில் டீச்சரம்மாவை உள்ளே சேர்த்துவிட்டு மதினி வெளியே வந்தார். “முடிய நாலு மணி நேரம் ஆவும் அத்தான். பஸ்ல போறீயளா?” என்று கேட்டார். பெரியண்ணன் கைலி மடிப்பைத் தடவிப் பார்த்தார். பர்ஸ் எடுத்து வரவில்லை. தம்பி பெண்டாட்டியிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்பதற்கு அவருக்கு வாய் வரவில்லை. “இருக்கேன்” என்றார். மதினி அவருக்கு டீயும் வடையும் வாங்கி வந்து கொடுத்தார். கேலியாக இல்லை, ஒவ்வொரு செவ்வாயும் தனக்கு வாங்குவதுபோல்தான் வாங்கினார். அந்த நாலு மணி நேரமும் பெரியண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் பனியனோடு அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டிரைவர் சீட்டு காலியாக இருந்தது. சாவிகூட வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சரம்மாவைப் பார்க்க உள்ளே போனபோதும் மதினி அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. பெரியண்ணனும் அதைத் தொடவில்லை.